நூலில் கனியும் மாம்பழம்



நூலால் பழம் செய்வது இன்று நேற்று தோன்றிய பழக்கம் அல்ல. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் அங்கியைப் பற்றி வாசித்திருப்பீர்கள். அந்த அங்கியின் கீழோரத்தைச் சுற்றிலும் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய நிற நூல்களால் மாதளம்பழங்களும், அவற்றுக்கு இடையிடையே பொன்மணிகளும் தொங்கவேண்டும் என்று கட்டளை பிறந்தது. எந்த முறையில் அந்தப் பழங்கள் செய்யப்பட்டன என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் விரல் வலிக்க வலிக்க அவற்றை ஒவ்வொன்றாகச் செய்திருக்கவேண்டும் என்பது நிச்சயம்.

இன்று ஆலய விற்பனை நாட்களிலும், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கைவேலை மேசைகளிலும் நூல் பழங்களைப் பார்க்கிறோம். மாம்பழம், மாதுளை, கொய்யா, ஒரு சீப்பு வாழைப்பழம். கையில் எடுத்தால்தான் அவை குரோஷா ஊசியால் பின்னிப் பஞ்சு அடைத்தவை என்று தெரிகிறது. அப்படி ஒரு பழம் எப்படி உருவாகிறது, அது எதற்குப் பயன்படும், அதற்கு என்ன விலை நியாயம் என்பதை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நூலும் பழமும் உள்ள ஊர்

எங்கள் செட்டியார்பட்டி, விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. சுற்றிலும் நூலை நம்பி வாழும் ஊர்கள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு இந்த வட்டாரம் நூற்பாலைகளுக்குப் பேர் பெற்றது. மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் சத்திரப்பட்டி பெயர்போனது. தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கும். நைட்டி தைப்பது இங்கே அநேகக் குடும்பங்களின் பிழைப்பு.

மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்புகள். பருவம் வந்தால் ராஜபாளையம் கடைத்தெருவில் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று மாம்பழங்கள் குவியும். ஆக, நூலுக்கும் பஞ்சமில்லை. பார்த்துச் செய்ய மாதிரிப் பழத்துக்கும் பஞ்சமில்லை.

இயந்திரம் செய்ய முடியாத வேலை

குரோஷாவைப் பற்றி முதலில் அறியவேண்டியது ஒன்று உண்டு. நைட்டி தைக்க இயந்திரம் இருக்கிறது. பேண்டேஜ் நெய்யத் தறி இருக்கிறது. ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் ஆலைகளில் குரோஷா பின்ன இயந்திரம் கிடையாது.

காரணம் இதுதான். ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசையிலுள்ள கண்ணிகள் எல்லாம் ஊசியில் திறந்தபடி வரிசையாக நிற்கும். அதே போல நூறு ஊசிகளை வரிசையாக நிறுத்தி இயந்திரம் அதைச் செய்துவிடும். குரோஷாவில் எப்போதும் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. முன்பு பின்னிய ஏதோ ஓர் இடத்தைக் கண்ணால் பார்த்து, அதற்குள் ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி இழுத்து, மறுபடி சுற்றி இழுத்து அந்தக் கண்ணியை முடிக்கவேண்டும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது மனிதக் கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் வேலை. குரோஷா இயந்திரம் என்ற பெயரில் ஆலைகளில் ஓடுபவை உண்மையில் வேறு வகைப் பின்னல் இயந்திரங்களே.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். உலகத்தின் எந்த மூலையில், எந்தக் கடையில், எவ்வளவு மலிவாக ஒரு குரோஷாப் பொருள் விற்றாலும், அது முழுக்க முழுக்க ஒரு மனிதக் கை செய்தது. விலை குறைந்தால் அங்கே இயந்திரம் வேகமாக ஓடியது என்று பொருளல்ல. யாரோ ஒருவருக்குக் கூலி குறைந்தது என்பதே பெரும்பாலும் பொருள்.

மிஷன் பள்ளிகளும் நூல்வேலையும்

நூல்வேலைக்கும் மிஷன் ஊழியத்துக்கும் பழைய உறவு உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனெரி சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணை மேல் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகள். திருவிதாங்கூரில் 1855-ல்தான் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். நூல் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யமுடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்த அம்மையாரின் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் வேலையும் ஏற்படுத்தினார்.

குரோஷா உலகமெங்கும் பரவியதும் இப்படி ஒரு துன்பகாலத்தில்தான். அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியபோது, கன்னியர் மடங்களிலும் பள்ளிகளிலும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பின்னிய லேஸில் ரோஜாவும் இலையும் திராட்சைக் குலையும் புடைத்து நிற்கும். தட்டையான பின்னலை உருண்டையாகப் புடைக்க வைக்கும் வித்தை அப்போதே அவர்கள் கையில் இருந்தது.

நம் நாட்டில் ஆந்திராவின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூர் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனெரிகள் கற்பித்த குரோஷா லேஸ், பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் நரசாப்பூர் லேஸ் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள் முழுவதும் பின்னும் பெண்களை 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்பவர்கள்' என்று கணக்கிட்டதால், வயல்வேலைக் கூலியை விடவும் குறைவாக அவர்களுக்குக் கிடைத்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். நாகர்கோவிலில் விடுதலை வாங்கித் தந்த அதே நூல், இங்கே பெண்களை வறுமையில் கட்டிப்போட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நூலிலோ ஊசியிலோ இல்லை. பின்னியவள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில்தான் இருக்கிறது.

பஞ்சடைத்த உருவங்களைக் குரோஷாவில் செய்யும் முறைக்கு ஜப்பானியர் 'அமிகுருமி' என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அந்தப் பெயரே வழங்குகிறது. தமிழ்நாட்டுப் பெண்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்ல. சென்னையில் கூடிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் அளவுள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

ஒரு மாம்பழம் உருவாகும் விதம்

இப்போது ஒரு மாம்பழத்தைப் பின்னிப் பார்ப்போம். கம்பளி நூலைவிடப் பருத்தி நூலே பழத்துக்கு ஏற்றது. கம்பளியில் ரோமம் எழும்பும். மாம்பழத் தோலுக்கு அந்த வழவழப்பு வராது. நூலின் பருமனுக்கு வழக்கமாகப் போடும் ஊசியைவிட ஓர் அளவு சிறிய ஊசி எடுக்கவேண்டும். அப்போதுதான் கண்ணிகள் நெருங்கி நிற்கும். உள்ளே அடைக்கும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது.

காம்புப் பக்கம் தொடங்குவோம். நூலை வளையமாகப் பிடித்து அதில் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆகப் பன்னிரண்டு. அதற்கடுத்து 18, 24, 30, 36, 42. சுற்றுக்கு ஆறு கூட்டினால் பின்னல் வட்டமாகத் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும். குறைத்தால் வாய் மூடும். எல்லா உருண்டைப் பழங்களுக்கும் இந்த மூன்றே விதிகள்தான். கூட்டும் இடங்கள் மட்டும் ஒன்றுக்குமேல் ஒன்றாக ஒரே கோட்டில் விழக்கூடாது. விழுந்தால் பழம் ஆறு மூலையுள்ள டப்பாவாகிவிடும். எந்த இடத்தில் சுற்று தொடங்கியது என்று மறந்துபோகாமல் இருக்க, முதல் கண்ணியில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகி வைப்பது வழக்கம்.

இதுவரை பின்னியது பந்துக்கும் பொருந்தும். மாம்பழம் பந்து அல்லவே! அதற்கு ஒரு பக்கம் தோள் உயர்ந்திருக்கும், மறுபக்கம் தாழ்ந்திருக்கும், நுனியில் மூக்கு இருக்கும். ஆகவே கடைசி இரண்டு மூன்று சுற்றுகளில் கூட்டவேண்டிய ஆறையும் சுற்றிலும் பரப்பாமல் ஒரே பக்கத்தில் சேர்த்துப் போடவேண்டும். அந்தப் பக்கம் புடைத்துத் தோளாகும். பிறகு பத்துச் சுற்று 42 கண்ணிகளாகவே போகும். முடிக்கும்போது குறைப்பதையும் எதிர்ப்பக்கத்தில் அதிகமாகப் போட்டால் நுனி ஒருபுறம் சாய்ந்து கிளிமூக்கு போல வரும். குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன்புற இழைகளை மட்டும் எடுத்துச் சேர்த்தால் ஓட்டை தெரியாது. வாய் மூடுவதற்கு முன்பே பஞ்சை அடைத்து, மூடிய பிறகு நீண்ட ஊசியால் இரு கன்னங்களையும் ஊடுருவி நூலை இழுத்துக் கட்டினால் உருண்டை சற்றே தட்டையாகும். நம் சப்பட்டை மாம்பழம் கிடைத்துவிடும்!

உயிர் கொடுப்பது நிறம். ஒரே மஞ்சள் நூலில் பின்னியது பொம்மையாகத்தான் தெரியும். இதற்கு ஓர் எளிய உபாயம், மூன்று மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுவது. முதலில் மூன்றும் பச்சை. சில சுற்று கழித்து இரண்டு பச்சை, ஒரு மஞ்சள். அதன்பின் ஒரு பச்சை, இரண்டு மஞ்சள். பிறகு முழு மஞ்சள். ஒவ்வோர் இழையாக மாற்றுவதால் காய் பழுத்து வருவதுபோலவே நிறம் கனிந்து வரும். வெயில் பட்ட கன்னத்தின் செம்மையையும், தோலின் பழுப்புப் புள்ளிகளையும் கடைசியில் ஒற்றை இழையால் மேலே தைத்துவிடலாம்.

மற்றப் பழங்களுக்கும் அததற்கு ஒரு சூட்சுமம் உண்டு. நெல்லிக்காய்க்கு உச்சியிலிருந்து அடிவரை ஆறு முறை நூலைக் கோத்து இறுக்கினால் ஆறு பள்ளங்கள் விழும். சீத்தாப்பழத்துக்கு ஒரே இடத்தில் பல கண்ணிகளைச் சேர்த்து முடிச்சு முடிச்சாகப் புடைக்கவிடவேண்டும். வாழைப்பழத்தில் முதுகுப் பக்கம் நீளம், வயிற்றுப் பக்கம் குட்டை. முதுகில் மட்டும் பாதி வரிசைகளைக் கூடுதலாகப் பின்னினால் அது தானே வளையும்.

உள்ளே என்ன அடைப்பது? இலவம்பஞ்சு இலேசானது, ஆனால் அடைக்கும்போது பறந்து மூக்கில் ஏறும். ஆலைக் கழிவுப் பருத்தி மலிவு. ஆனால் துவைத்தால் கட்டிதட்டும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைக்கவேண்டிய பழத்துக்குப் பாலியெஸ்டர் பஞ்சே ஏற்றது.

மருத்துவமனைக்கு நூல் பழம் எதற்கு?

அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதிருங்கள். நீரிழிவு நோயாளிக்கு உணவைப் பற்றி விளக்குகிறவர்கள் உணவு மாதிரிகளைக் காட்டிப் பேசுவது வழக்கம். 'அளவாகச் சாப்பிடுங்கள்' என்றால் அளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியின் கையில் இவ்வளவு பெரிய கொய்யா, இந்தக் கீற்று மாம்பழம் என்று எடுத்துக் கொடுத்தால் மனதில் நிற்கும். எவ்வளவு என்று தீர்மானிப்பது மருத்துவர். அதைக் கண்ணுக்குக் காட்டுவது மாதிரிப் பழம். ஆகவே அதன் அளவு மெய்யான பழத்தின் அளவாகவே இருக்கவேண்டும். தத்ரூபம் என்பது இங்கே அழகுக்காக அல்ல, உண்மைக்காக.

மருத்துவமனைக்குள் வரும் எந்தப் பின்னல் பொருளும் நன்றாகத் துவைக்கத் தக்கதாக இருக்கவேண்டும். 2013-ல் டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷா ஆக்டோபஸ் பின்னிக் கொடுக்கும் முயற்சி தொடங்கியபோது, முழுப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்க ஏற்ற பஞ்சு, 22 செ.மீ.க்கு மேல் நீளாத கைகள் என்று கண்டிப்பான விதிகளை வகுத்தார்கள்.

பின்னுகிறவர்களின் கையையும் நாம் பார்க்கவேண்டும். குரோஷா விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் தொழுநோயாலோ நீரிழிவாலோ விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மெல்லிய ஊசி ஆபத்தாகலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்தினாலும் வலி தெரியாது, கவனிப்பதற்குள் புண்ணாகிவிடும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், அறுவை சிகிச்சையால் கை திருந்திய தொழுநோயாளிகளுக்குத் தொழில் கற்பிக்க நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். உணர்ச்சியற்ற கையைக் கெடுப்பது பெரும்பாலும் நாள்தோறும் படும் இத்தகைய அழுத்தமே என்பதை அவருடைய பணி உலகுக்குக் காட்டியது. ஊசியின் பிடியில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்குவதும், வேலை முடிந்ததும் விரல்களைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் மணி, பொத்தான், கம்பி வைத்த காம்பு எதுவும் கூடாது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. குறுக்களவுள்ள குழாய் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடும். சிறிதாகப் பின்னிய நெல்லிக்காயும் திராட்சையும் அதற்குள் அடங்கிவிடும். விற்பனைக்கு வேறு சட்டமும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பொம்மையாக விற்க நினைக்கும் சகோதரிகள் முதலில் அந்தப் பதிவைச் செய்துகொள்வது நலம்.

என்ன விலை நியாயம்?

மேலே சொன்ன மாம்பழத்தின் கண்ணிகளைக் கூட்டிப் பாருங்கள். விரியும் சுற்றுகளில் 168, நேர்ச் சுற்றுகளில் 420, குறையும் சுற்றுகளில் 126. மொத்தம் 714 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை இரண்டு முறை சுற்றி இழுக்கவேண்டும். நிமிடத்துக்குப் பத்துக் கண்ணி என்று வைத்துக்கொண்டால் எழுபது நிமிடத்துக்கு மேல் ஆகும். நிறம் மாற்றி முடிச்சுப் போடுவது, பஞ்சடைப்பது, காம்பும் இலையும் பின்னித் தைப்பது, புள்ளி வைப்பது எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம் என்பது அதிகக் கணக்கல்ல.

அந்தப் பழம் ஐம்பது ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் பஞ்சுக்கும் இருபது ரூபாய் போனால் மிச்சம் முப்பது. மணிக்குப் பன்னிரண்டு ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து பின்னினாலும் நூறு ரூபாய் தேறாது. இடையில் ஒரு வியாபாரி இருந்தால் அதிலும் குறையும். நூற்றைம்பது ரூபாய் என்று விலை எழுதியிருந்தால் நமக்கு அதிகமாகத் தோன்றுகிறது. ஆனால் அதே கணக்கில் பின்னியவளுக்கு மணிக்கு ஐம்பத்திரண்டு ரூபாய்தான் வருகிறது.

ஏழை என்பதற்காக இரக்கப்பட்டு வாங்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இரக்கத்தில் வாங்கிய பொருள் அலமாரியில் தூங்கும். அடுத்த வருஷம் யாரும் வாங்கமாட்டார்கள். நல்ல பழமாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணிகள் நெருக்கமாக இருக்கின்றனவா, அழுத்தினால் மீண்டும் எழும்புகிறதா, முடிச்சுகள் உள்ளே மறைந்திருக்கின்றனவா என்று சோதித்துப் பாருங்கள். பிறகு, இதைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆனது, பின்னியவருக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் எந்தச் சங்கமும் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும். பதில் திருப்தியாக இருந்தால் பேரம் பேசாதிருங்கள்.

உங்கள் ஆலயத்தில் பெண்கள் குழு இந்த வேலையைத் தொடங்குவதானால், முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் யார் எத்தனை மணி நேரம் பின்னினார்கள் என்று எழுதி வையுங்கள். விற்ற பிறகு கூலி என்று தள்ளிப்போடாமல், பழத்தை ஒப்படைத்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுக்கவேண்டும் என்று உபாகமம் 24:15 போதிப்பது வயலில் அறுத்தவனுக்கு மட்டுமல்ல, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாம்பழம் பின்னியவளுக்கும்தான்.